மெலிவா, வலிவா?

தைப்பூசம் நெருங்கும் நாட்களில் தாராபுரத்துச் சாலைகள் இரவும் பகலும் ஓய்வதில்லை. ஈரோடு, காங்கயம் பக்கங்களிலிருந்து பழநிக்குக் கால்நடையாகச் செல்வோர் கூட்டம் கூட்டமாக நம் ஊர் வழியே போவர். இங்கிருந்து பழநி முப்பது கிலோ மீட்டருக்குச் சற்று மேல். உடல்நலம் பற்றி நாம் கொண்டுள்ள சில எண்ணங்களை அந்தச் சாலை நன்றாகவே சோதித்துப் பார்த்துவிடுகிறது.

ஓர் ஆண்டு எங்கள் தெருவிலிருந்து சென்ற குழுவில் ஒரு கல்லூரி மாணவியும் அவளுடைய அம்மிச்சியும் இருந்தனர். மாணவியின் உயரம் 158 செ.மீ. இரண்டு மாதங்களாகக் காலை உணவை விட்டு, இரவில் இரண்டு பிஸ்கட்டுகளோடு நிறுத்தி, 56 கிலோவிலிருந்து 50 கிலோவுக்கு இறங்கியிருந்தாள். தோழியர் பாராட்டினர், வீட்டிலும் மகிழ்ச்சிதான். அம்மிச்சிக்கு வயது 62. உயரம் 150 செ.மீ.; எடையும் 62 கிலோ. நாள்தோறும் தோட்டத்துக்கு நடந்து போய்த் தீவனம் அறுத்துச் சுமந்து வந்து மாடுகளுக்குப் போடுபவர். ஊரைத் தாண்டிச் சில மணி நேரம் ஆவதற்குள் மாணவி தலைசுற்றிச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன கண்ணு, இப்படி மூச்சு வாங்குது? அந்தப் பையைக் குடு, நான் கொண்டாறேன்" என்றார் அம்மிச்சி.

"வேண்டாமுங்க அம்மிச்சி. உங்களுக்குத்தான் முழங்கால் வலியாச்சுங்களே."

"வலி கெடக்குது கண்ணு. நடந்து பழகுன காலு, போயிரும்."

இருவரையும் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் நிறுத்தினால் அது மாணவிக்கு 'நலம்' என்றும், அம்மிச்சிக்குப் 'பருமன்' என்றும் தீர்ப்புச் சொல்லும். சாலை சொன்ன தீர்ப்போ வேறு. இவ்விரண்டு தீர்ப்புகளில் எதை நம்புவது? நாம் ஒவ்வொருவரும் நமது உடல்நலத்துக்கென்று ஒரு குறிக்கோளைக் கொள்வதானால், மெலிவைக் கொள்வதா, வலிவைக் கொள்வதா? மெலிவு என்னும் குறிக்கோளை எடுத்துக்கொண்டு அதன் நிறைகுறைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளவுகோல் வந்த வழி

எடையை வைத்து உடல்நலத்தை அளக்க இன்று உலகெங்கும் வழங்கும் அளவுகோல் 'உடல் நிறைக் குறியெண்' ஆகும். எடையைக் கிலோ கிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். மேலே கூறிய மாணவியின் குறியெண் 50 ÷ (1.58 × 1.58), அதாவது ஏறக்குறைய 20. அம்மிச்சியின் குறியெண் 27.6. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் இருந்தால் மிகை எடை, 25-ஐ எட்டினால் பருமன் என்று 2009-இல் நம் நாட்டு மருத்துவ வல்லுநர்கள் வரையறுத்தனர்.

இந்தச் சூத்திரத்தை முதலில் கண்டவர் மருத்துவர் அல்லர். பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த கணித, வானவியல் அறிஞர் அடால்ப் கெத்லே என்பவர் 1830-களில் இதனை வெளியிட்டார். ஒரு மக்கள் தொகுதியில் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று அறிவதே அவருடைய நாட்டம். ஒருவரின் நோயையோ நலத்தையோ கண்டறிவது அவருடைய நோக்கமன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் உயரத்துக்கேற்ற எடைப் பட்டியல்களைத் தயாரித்தன. பாலிசி எடுப்பவர் எவ்வளவு காலம் உயிர் வாழ்வார் என்று கணக்கிட அவை தேவைப்பட்டன. 1972-இல் ஆன்செல் கீஸ் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் கெத்லேயின் பழைய சூத்திரத்தைச் சோதித்து, அதற்கு இன்றைய பெயரை இட்டனர்.

ஆக, இது மக்கள் தொகுதியைப் பற்றி விரைவாக, மலிவாக ஒரு மதிப்பீடு செய்ய உதவும் கருவி. அந்த வேலைக்கு இது நல்ல கருவியே. ஆனால் ஒரு மனிதரின் உடலுக்குள் இருக்கும் எடையில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு எலும்பு, எவ்வளவு நீர் என்பதை இந்த எண் கூறாது. கொழுப்பு வயிற்றுக்குள் இருக்கிறதா, தோலுக்கடியில் இருக்கிறதா என்பதையும் கூறாது. படியேறினால் மூச்சு வாங்குமா என்பதை அறவே கூறாது.

ஒரே எண், இரண்டு உடல்கள்

இந்தக் குறைபாட்டை விளக்க 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு சுவையான குறிப்பு வெளிவந்தது. எழுதியவர்கள் புனே கே.ஈ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இலண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கின் ஆகிய இருவர். ஆராய்ச்சிப் பொருளும் அவர்களேதான். இருவர் குறியெண்ணும் 22.3. இயந்திரத்தின் கண்ணுக்கு இருவரும் ஒன்றே. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடும், யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடும் இருந்தன. முன்னவர் நெடுந்தூர ஓட்டத்தில் பழகியவர்.

இது ஒருவரின் உடல்வாகு மட்டுமன்று. புனேயைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்டன் நகரில் பிறந்த குழந்தைகளோடு யாஜ்னிக் குழுவினர் ஒப்பிட்டனர். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஆங்கிலக் குழந்தைகளுடையது 3.5 கிலோ. இந்த வேறுபாடு முக்கியமாகத் தசையிலும் உள்ளுறுப்புகளிலும் காணப்பட்டது. தோலடிக் கொழுப்பில் அவ்வளவு குறைவில்லை. பிறக்கும்போதே மெலிந்தும், அந்த மெலிவுக்குள்ளேயே கொழுப்பைச் சுமந்தும் வருகிறோம். இத்தகைய உடலை 'மெலிந்த பருமன்' என்று அறிவியலார் குறிப்பிடுகின்றனர்.

மெலிந்திருப்பதையே நலம் என்று எண்ணுவது எந்த நாட்டாருக்கும் பிழை. நமக்கு இரட்டிப்புப் பிழை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள் என மதிப்பிட்டது. வெளிப்பார்வைக்குப் பருமன் இல்லாதவர்களும் அவர்களுள் ஏராளம் என்பதை எந்த ஊர் மருத்துவரைக் கேட்டாலும் கூறுவார்.

சென்னையில் நடந்த சோதனை

எடை குறையாவிட்டால் நடைப்பயிற்சியால் என்ன பயன் என்று கேட்போர் பலர். ஒரு மாதம் நடந்து பார்த்து, இயந்திரத்தின் முள் அசையவில்லை என்று மனமுடைந்து நிறுத்திவிடுவோரும் பலர். இக்கேள்விக்கு நம் மாநிலத்திலேயே விடை கிடைத்துள்ளது.

சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில் 'இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்' என்னும் ஆய்வு நடைபெற்றது. முடிவுகள் 2006-இல் வெளியாயின. நீரிழிவு இன்னும் வராத, ஆனால் அதன் வாசலில் நிற்கிற 531 பேர் இதில் பங்கு கொண்டனர். அவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற் குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இரண்டாம் குழுவினர் உணவில் சர்க்கரையையும் கொழுப்பையும் தீட்டிய தானியத்தையும் குறைத்து, நாள்தோறும் அரை மணி நேரமாவது நடக்கும்படி தூண்டப்பட்டனர். மூன்றாம் குழுவினருக்கு மெட்பார்மின் மாத்திரை. நான்காம் குழுவினருக்கு இரண்டும்.

மூன்றாண்டுக் கணக்கில் முதற் குழுவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்ட இரண்டாம் குழுவில் 39.3 விழுக்காட்டினருக்கே வந்தது. ஒப்பு நோக்கில் இது 28.5 விழுக்காடு குறைவு. மாத்திரை தந்த பயனுக்கு இது சற்றும் தாழ்ந்ததன்று. இந்த நன்மை கிடைத்தபோது இரண்டாம் குழுவினரின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. முள் அசையவில்லை, நோய் தள்ளிப் போயிற்று!

இது எப்படி நேர்கிறது? நம் உடலில் குளுக்கோசை மிகுதியாக ஏற்றுச் செலவழிக்கும் திசு தசையாகும். சாதாரண நேரத்தில் இன்சுலின் வந்து கதவைத் திறந்தால்தான் குளுக்கோஸ் தசைக்குள் நுழையும். ஆனால் தசை சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது, இன்சுலின் இல்லாமலேயே குளுக்கோஸ் புகும் வாயில்கள் திறந்துகொள்கின்றன. தொடர்ந்து பழகிய தசை இன்சுலினுக்கும் நன்றாக இணங்குகிறது. ஈரலிலும் வயிற்றுறைக்குள்ளும் படிந்த கொழுப்பு, மொத்த எடை மாறாதபோதும், உடற்பயிற்சியால் கரையக் கூடும். எடை பார்க்கும் இயந்திரம் இவற்றுள் எதையும் காண்பதில்லை.

ஓட்டுநரும் நடத்துநரும்

தாராபுரம் பேருந்து நிலையத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தால் அமர்ந்ததுதான். நடத்துநரோ நெரிசலில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பார். சம்பளத்திலும் வாழ்க்கை நிலையிலும் பெரிய வேறுபாடில்லாத இவ்விருவரை ஒப்பிட்டால் உடலுழைப்பின் விளைவு தெரியுமல்லவா? இலண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் இதைத்தான் செய்தார். அங்கே ஈரடுக்குப் பேருந்துகள். நடத்துநர் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறி இறங்குவார். ஏறத்தாழ 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து, நடத்துநர்களைவிட ஓட்டுநர்களுக்கு இதய நோய் மிகுதி என்று அவர் 1953-இல் வெளியிட்டார்.

'ஓட்டுநர்கள் பருத்திருந்திருப்பார்கள், அதனால்தான் நோய்' என்று ஒரு தடை எழலாம். மாரிஸ் அதையும் விடவில்லை. நிறுவனம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவைத் தேடிப் பிடித்தார். ஓட்டுநர்களின் கால்சட்டை பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே இடுப்பளவுள்ளவர்களை ஒப்பிட்டபோதும், மெலிந்தவர்களிடையேயும் பருத்தவர்களிடையேயும், திடீர் மரணம் ஓட்டுநர்களுக்கே மிகுதியாக இருந்தது. 1956-இல் வெளிவந்த இந்த ஆய்வை, மெலிவும் வலிவும் வெவ்வேறு என்பதற்கான முற்காலச் சான்றுகளுள் ஒன்று எனலாம்.

பின்னர் அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் ஸ்டீவன் பிளேர் குழுவினர், ஓடும் பட்டையின் மேல் மனிதர்களை நடக்க வைத்து, அவர்களுடைய இதய, நுரையீரல் திறனை நேராகவே அளந்தனர். 21,925 ஆடவர்களைப் பற்றிய அவர்களுடைய 1999-ஆம் ஆண்டு ஆய்வில், மெலிந்தும் திறனற்றவர்களாக இருந்தோரின் இறப்பு வீதம், பருத்தும் திறனுள்ளவர்களாக இருந்தோரின் வீதத்தைவிட மிகுதியாகக் காணப்பட்டது.

மறுதரப்பின் வாதம்

அப்படியானால் எடையைப் பற்றிக் கவலையே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். ஒரு குறிக்கோளைக் குறை கூறுகிறவன் அதன் பக்கமுள்ள நியாயத்தையும் சொல்லக் கடமைப்பட்டவன்.

முதலாவது, பிளேரின் ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் படித்த, வசதியுள்ள வெள்ளையர். அந்த முடிவை அப்படியே உலகெங்கும் பொருத்திவிட முடியாது. மேலும், உள்ளே நோய் உள்ளவர் மெலியவும் கூடும். விரைந்து நடக்க முடியாமலும் போகும். அப்போது எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். மாணவர்கள் இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போது இந்த ஐயத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, எடைக் குறைப்பு உண்மையிலேயே உதவும் இடங்கள் உண்டு. அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் உடலை வருத்தி உழைப்பதும் இலக்காக வைக்கப்பட்டன. நோய் 58 விழுக்காடு குறைந்தது; அதில் பெரும் பங்கு எடைக் குறைவுக்கே உரியது என்று பின்னர் கணக்கிட்டனர். முழங்கால் தேய்மானம் உள்ள பருத்த முதியோரிடம் நடந்த 2005-ஆம் ஆண்டு ஆய்வு, உடல் எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது எனக் காட்டியது. நம் அம்மிச்சி 4 கிலோ குறைந்தால் அவருடைய முழங்கால் மகிழும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்த அமெரிக்க ஆய்வில் பங்கு கொண்டவர்களின் சராசரிக் குறியெண் 34. சென்னை ஆய்வில் அது 25.8 மட்டுமே. அவர்களுக்கு இறக்கி வைக்க நிறையச் சுமை இருந்தது. நம்மவர் பலருக்கு இறக்க வேண்டிய கொழுப்பு ஓரளவுதான். ஏற்ற வேண்டிய தசையோ நிறைய. பிறர் உடலுக்குத் தைத்த சட்டையை அளவு பாராமல் நாம் அணிந்துகொள்வது பொருந்துமா?

மெலிவைத் தேடி இழப்பவை

'ஒரே மாதத்தில் 10 கிலோ குறையலாம்' என்னும் விளம்பரங்களைச் சுவர்களிலும் கைப்பேசியிலும் காண்கிறோம். இதைச் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடற்கொழுப்பில் 1 கிலோ கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை ஏற்பட வேண்டும். 10 கிலோவுக்கு 77,000. முப்பது நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 2,560 கலோரிக்கு மேல். ஆனால் உட்கார்ந்தே வேலை செய்யும் ஓர் இந்தியப் பெண்ணுக்கு நாள் முழுவதும் தேவைப்படுவதே 1,660 கலோரிதான் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. ஒரு பருக்கை உண்ணாவிட்டாலும் அவருக்கு அந்தப் பற்றாக்குறை வராது! எனவே அப்படி 10 கிலோ குறைந்ததானால், குறைந்தது கொழுப்பு மட்டுமன்று. நீரும் தசையும் சேர்ந்தே போயின என்பது தெளிவு.

குறியெண்ணுக்குப் பெயரிட்ட அதே ஆன்செல் கீஸ், 1944-45-இல் மினசோட்டாவில் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்று உணவு கொடுத்து ஆராய்ந்தார். போரினால் பசித்துக் கிடந்த மக்களுக்கு மீண்டும் உணவளிக்கும் முறையை அறிவதற்காக, தாமாக முன்வந்தவர்கள் அவர்கள். எடையில் ஏறக்குறையக் கால் பங்கை இழந்தனர். அதோடு வலிமை போயிற்று; நாடித் துடிப்பு தளர்ந்தது; குளிர் தாங்க முடியவில்லை; சோர்வும் எரிச்சலும் சூழ்ந்தன; எந்நேரமும் சோற்றின் நினைவே. மெலிவு கிடைத்தது, வாழ்வு சுருங்கியது.

இது நம் பெண்களுக்கு இன்னும் ஆபத்தானது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். அதே பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். உணவு மிகுதியாகவும் சத்து குறைவாகவும் உள்ள இந்த நிலையில், 'சாப்பாட்டை விடு' என்ற அறிவுரை சோகையை வளர்க்கும். எங்கள் தெரு மாணவியைச் சாலையோரம் உட்கார வைத்ததும் இதுபோன்ற பட்டினிதான்.

2025-இல் எடை குறைக்கும் வாராந்திர ஊசிகளும் இந்தியச் சந்தைக்கு வந்துள்ளன. மருத்துவர் கண்காணிப்பில், மிகுந்த பருமனும் அதனால் நோயும் உள்ளவர்களுக்கு அவை பெருந்துணை. ஆயினும் அவற்றால் குறையும் எடையிலும் ஒரு பகுதி தசையே. திருமணத்துக்கு முன் சற்று மெலிய வேண்டும் என்பதற்காக அவற்றை நாடுவது, ஓட்டைப் பிரித்து அடுப்பெரிப்பது போன்றது.

எதைக் குறிக்கோளாகக் கொள்வது?

மெலிவு என்பது ஒரு தோற்றம். வலிவு என்பது ஒரு செயல். தோற்றம் நம் கட்டுக்குள் முழுவதும் இல்லை. பிறவி, வயது, மகப்பேறு எனப் பல அதை ஆட்டுவிக்கின்றன. ஆனால் நாளை காலை அரை மணி நேரம் நடப்பது நம் கையில் இருக்கிறது. கைக்கு எட்டுவதைக் குறிக்கோளாகக் கொள்வதே அறிவுடைமை.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த நெறி, வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உழைக்க வேண்டும் என்கிறது. பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த வேகமே மிதமான உழைப்பு. இதோடு வாரம் இரண்டு நாட்களாவது தசைக்குப் பளு கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். அதற்குப் பணம் கட்டிப் பயிற்சிக் கூடத்துக்குப் போக வேண்டுமென்பதில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, படியேறுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது ஆகியவையும் பளுவே. நம் பாட்டன்மார் கவலை இறைத்தும், பாட்டிமார் ஆட்டுக்கல்லில் மாவாட்டியும் பெற்ற வலிவை மோட்டாரும் கிரைண்டரும் நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டன. அந்த வசதிகளை விட்டுவிடத் தேவையில்லை; இழந்த உழைப்பை வேறு வழியில் ஈடு செய்தால் போதும். இதய நோயோ முதிய வயதோ உள்ளவர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது.

அளந்துதான் பார்க்க வேண்டும் என்பவர்கள் ஒரு தையல் நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றி அளக்கட்டும். இந்திய ஆடவருக்கு 90 செ.மீ., பெண்டிருக்கு 80 செ.மீ. என்பது எல்லை. குறியெண்ணை மட்டும் வைத்து ஒருவரின் பருமனைத் தீர்மானிக்கக் கூடாது. இடுப்பளவையோ உடற்கொழுப்பையோ சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உலக வல்லுநர் குழு ஒன்றும் அறிவித்தது. அதோடு, அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை கையூன்றாமல் எழ முடிகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். எண் கூடியிருந்தால், எடை முள் அசையாவிட்டாலும், நீங்கள் வென்றவரே.

நம் பக்கத்தில் காங்கயம் காளை வாங்கப் போகும் விவசாயி பல்லைப் பார்ப்பார், நடையைப் பார்ப்பார், வண்டியில் பூட்டி ஓட்டிப் பார்ப்பார். எடையை மட்டும் பார்த்து விலை பேசுவது கறிக்கு வாங்குபவர் வழக்கம். காளைக்குக் காட்டும் இந்த நியாயத்தை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டாமா? 'எத்தனை கிலோ குறைஞ்சே?' என்று கேட்பதை விட்டு, 'எவ்வளவு தூரம் நடந்தே கண்ணு?' என்று கேட்கத் தொடங்குவோம்.